தாத்தாவின் ஹெரால்டும் அதன் முதுகெலும்பும்

மதுரையிலிருந்து கன்னியாகுமரி செல்லும் நெடுஞ்சாலையில் பயணம் செய்த தோழியர் சிலர் ஒரு விந்தையான காட்சியைக் கண்டிருக்கலாம். கூரை இல்லை, கதவு இல்லை, பயணிகளுக்கு இருக்கை இல்லை. நீண்ட இரண்டு இரும்புச் சட்டங்கள், அவற்றின்மேல் ஓர் எஞ்சின், கீழே சக்கரங்கள், முன்னால் ஒரு ஸ்டீயரிங். வெயிலுக்கும் தூசிக்கும் துண்டால் முகத்தைச் சுற்றிக்கொண்டு ஒருவர் அதை ஓட்டிச் செல்வார். தொழிற்சாலையிலிருந்து, பஸ் கூடு கட்டும் பட்டறைக்குப் போகும் புது வண்டி அது. உடல் வருமுன்னே ஓடத் தொடங்கிவிட்ட எலும்புக்கூடு! இந்த எலும்புக்கூட்டைத்தான் 'சேஸிஸ்' என்கிறோம். தமிழில் அடிச்சட்டம் எனலாம்.

இதைப் பற்றி நான் எழுத நேர்ந்தது ஒரு வெள்ளத்தால். 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் மாவட்டத்திலும் தூத்துக்குடி மாவட்டத்திலும் பெய்த பெருமழையை நாம் யாரும் மறக்க இயலாது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. தாமிரபரணி கரை கடந்து வண்ணார்பேட்டைக்குள் புகுந்தபோது, என் தாத்தா வீட்டுக் கொட்டகையில் நின்ற பழைய 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' காரும் மூழ்கியது. தண்ணீர் வடிந்த பின் இருக்கை உயரத்திற்கு வண்டல் படிந்து கிடந்தது. தாத்தா ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். 1969-இல் வாங்கிய அந்த வண்டியில்தான் என் அம்மாவும் மாமாக்களும் பள்ளிக்குப் போனார்கள். பழைய இரும்புக் கடைக்குக் கொடுத்துவிடலாம் என்று வீட்டில் பேச்சு வந்தபோது தாத்தா ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். அந்த மௌனமே எங்களை ஒரு பட்டறைக்கு அழைத்துச் சென்றது.

அடிச்சட்டம் என்ன செய்கிறது?

வண்டியின் எடையையும் ஏறியிருப்போரின் எடையையும் தாங்குவது அதன் முதல் வேலை. அது மட்டும் என்றால் இரண்டு கனமான விட்டங்கள் போதும். ஆனால் சாலை சமமாக இருப்பதில்லை. இடது முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது, வலது முன்சக்கரம் மேட்டில் ஏறினால், வண்டி ஈரத்துணியைப் பிழிவது போல் முறுக்கப்படுகிறது. இந்த முறுக்கத்தைத் தாங்குவதே அடிச்சட்டத்தின் கடினமான வேலை. அது வளைந்துகொடுத்தால் சக்கரங்கள் தாம் நிற்கவேண்டிய கோணத்தில் நில்லா, கதவுகள் பொருந்தா, ஓட்டுநர் ஒரு பக்கம் திருப்ப, வண்டி வேறொரு பக்கம் இழுக்கும்.

இதை வகுப்பறையிலேயே சோதித்துப் பார்க்கலாம். 30 மி.மீ. அகலமும் 3 மி.மீ. கனமும் உள்ள அடிக்கோலைத் தட்டையாகப் பிடித்து அழுத்துங்கள், எளிதில் வளையும். அதையே விளிம்பு மேலாக நிறுத்தி அழுத்துங்கள், அசையாது. அதே கோல்தான், ஆனால் நிறுத்திப் பிடிக்கும்போது வளைவை எதிர்க்கும் ஆற்றல் 100 மடங்காகிறது. ஆகையால்தான் வீட்டு உத்தரத்தையும் வண்டிச் சட்டத்தையும் அகலவாக்கில் படுக்க வைக்காமல் உயரவாக்கில் நிறுத்துகிறார்கள்.

இரண்டாவது சோதனை இன்னும் வியப்பானது. ஒரு கெட்டியான அட்டையைக் குழாயாகச் சுருட்டி, ஓரங்களை ஒட்டாமல் இரு முனைகளையும் பிடித்து முறுக்குங்கள். எளிதில் முறுக்கிக்கொள்ளும். இப்பொழுது ஓரங்களை நீளவாக்கில் நன்றாக ஒட்டிவிட்டு மீண்டும் முறுக்குங்கள். கை வலிக்குமே தவிர குழாய் அசையாது. 50 மி.மீ. சதுரமும் 2 மி.மீ. கனமும் உள்ள இரும்புக் குழாய் ஒன்றில் நீளவாக்கில் ஒரே ஒரு கீறல் விட்டுவிட்டால், முறுக்கத்தை எதிர்க்கும் அதன் விறைப்பு ஏறத்தாழ 430-இல் ஒரு பங்காகக் குறைந்துவிடும் என்று கணக்குச் சொல்கிறது. எனவேதான் நல்ல அடிச்சட்டத்தை நான்கு பக்கமும் மூடிய பெட்டி வடிவச் சட்டங்களால் செய்கிறார்கள். பெட்டிச் சட்டத்தில் துருவினால் விழும் நீண்ட பிளவு ஏன் ஆபத்தானது என்பதும் இதனால் விளங்கும். வெளியே பார்த்தால் சிறு கீறல். உள்ளே வண்டியின் வலிமையே போய்விட்டிருக்கும்.

நம் ஊர்த் தேரும் நம் ஊர் மனிதரும்

அடிச்சட்டம் நமக்குப் புதிதன்று. ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேர் நான்கு ரத வீதிகளையும் சுற்றி வரும்போது, நம் கண் மேலே அசையும் அலங்காரத்தில் நிற்கும். அத்தனை பாரத்தையும் அச்சுக்கும் சக்கரத்துக்கும் இறக்கிக் கொடுப்பது அடியிலுள்ள கனத்த மரச்சட்டங்களே. தூத்துக்குடி பனிமய மாதாவின் தங்கத் தேர் 1806-இல் முதன்முதலாக ஓடியது; அண்மையில் 2023 ஆகஸ்டு 5-இல் மக்கள் வடம் பிடித்து இழுத்தனர். அங்கும் பொன்னைத் தாங்குவது கண்ணுக்குத் தெரியாத அடித்தளமே.

மோட்டார் யுகத்திலும் நம் மாவட்டத்திற்குப் பங்கு உண்டு. 1877-இல் திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1912-இல் மதுரையில் பேருந்து ஓட்டத் தொடங்கினார். அந்நாளில் எஞ்சினோடு கூடிய அடிச்சட்டம் கப்பலில் வரும். மேலே மரத்தால் கூடு கட்டுவதோ நம் தச்சர்களின் கைவேலை. வண்டி வேறு, உடல் வேறு என்ற அந்த வழக்கமே இன்றும் கரூர்ப் பட்டறைகளில் பஸ் கூடு கட்டும் தொழிலாகத் தொடர்கிறது.

கார்களில் இந்த வழக்கம் மெல்ல மறைந்தது. தகட்டு உடலையே ஒரு பெட்டி போல் ஒன்றாகப் பற்றவைத்து, தனி அடிச்சட்டம் இல்லாமலே செய்யத் தொடங்கினார்கள். அம்பாசிடரும், பின்னாளில் பத்மினி என்று பெயர் பெற்ற பியட்டும் அவ்வகையே. இன்றைய சிறு கார்களும் அப்படியே. அந்த நாளில் நம் நாட்டில் ஓடிய மூன்று பெயர்பெற்ற கார்களுள் ஹெரால்டுக்கு மட்டும் தனி அடிச்சட்டம் இருந்தது.

அதற்கு ஒரு கதை உண்டு. ஹெரால்டு 1959-இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகர நிறுவனமான ஸ்டாண்டர்டு-டிரையம்ப் வெளியிட்ட வண்டி. அதன் அழகிய உருவத்தை வரைந்தவர் இத்தாலியரான மிக்கெலோத்தி. ஆனால் அந்நிறுவனத்திற்கு உடல் தகடு செய்து கொடுத்துவந்த ஆலையைப் போட்டி நிறுவனம் ஒன்று வாங்கிவிட்டது. முழு உடலையும் ஒரே இடத்தில் செய்ய வழியில்லை. ஆகவே உடலைப் பல துண்டுகளாகப் பல ஆலைகளில் செய்து, தனி அடிச்சட்டத்தின்மேல் போல்ட்டுப் போட்டு முடுக்கும்படி அமைத்தார்கள். இடையூறே புதிய வழியைக் காட்டிற்று! சென்னைக்குத் தெற்கே இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் இவ்வண்டியை இங்கே செய்தது. இங்கிலாந்தில் விற்கப்படாத நான்கு கதவு ஹெரால்டை நம் நாட்டுக் குடும்பங்களுக்கென்று செய்ததும் அந்நிறுவனமே. 1988-இல் அதன் கார் உற்பத்தி நின்றுவிட்டது. ஆகவே இன்று ஹெரால்டுக்குப் புது அடிச்சட்டம் வேண்டுமென்றால் கடையில் கேட்டு வாங்க முடியாது. கையால்தான் செய்ய வேண்டும்.

ஊசி சொன்ன உண்மை

பட்டறையில் முதலில் செய்தது, எஞ்சினையும் முன்மூடியையும் கழற்றியது. பிறகு கதவு திறப்புகளின் குறுக்கே இரும்புக் கம்பிகளைப் பற்றவைத்தார்கள். 'இது எதற்கு?' என்று கேட்டேன். அடிச்சட்டத்தை விட்டுப் பிரிந்தால் உடல் தொய்ந்துபோகும். பின்னர் கதவு பொருந்தாது என்றார் மேஸ்திரி. அதன்பின் போல்ட்டுகளைக் கழற்றி, ஆறு பேர் சேர்ந்து உடலைத் தூக்கி, பக்கத்தில் மரக்கட்டைகளின்மேல் வைத்தார்கள்.

ஹெரால்டின் அடிச்சட்டம் முதுகெலும்பு போன்றது. நடுவில் இரண்டு பெட்டிச் சட்டங்கள் நெருக்கமாக ஓடுகின்றன. முன்னால் எஞ்சினைத் தாங்கவும், பின்னால் டிஃபரன்ஷியலைத் தாங்கவும் அவை விலகி விரிகின்றன. விலா எலும்புகள் போல இருபுறமும் குறுக்குக் கைகள் நீண்டு, ஓரச் சட்டங்களைப் பிடித்து, உடலைச் சுமக்கின்றன.

மேஸ்திரி சிறு சுத்தியலால் ஒவ்வொரு இடமாகத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இரும்பு 'ணங்' என்றது. கெட்டது 'சொத்' என்றது. சந்தேகமான இடங்களில் கூரிய ஊசியால் குத்தினார். குறுக்குக் கைகளில் ஊசி தகட்டைத் துளைத்து உள்ளே போயிற்று. துவாரத்திலிருந்து ஆற்று வண்டல் பொடியாகக் கொட்டியது. பெட்டிச் சட்டத்தின் அடியில் நீர் வடியச் சிறு துளைகள் உண்டு. வண்டல் அவற்றை அடைத்ததும் ஈரம் உள்ளேயே தங்கி, உள்ளிருந்து அரித்துவிட்டது. வெள்ளம் வருமுன்பே தொடங்கிய துருவை வெள்ளம் முடித்துவைத்தது. ஆயினும் நடு முதுகெலும்பு திடமாகவே இருந்தது.

மூன்று வழிகள்

அன்று மாலை மூன்று வழிகள் பேசப்பட்டன. முதலாவது, ஓட்டைகள்மேல் தகடு ஒட்டி, பெயின்ட் பூசிவிடுவது. செலவு குறைவு, ஆனால் அரித்த தகட்டில் பற்றவைத்த ஒட்டு நிற்காது. இரண்டாவது, கனமான குழாய்களால் முழுவதும் புதிய அடிச்சட்டம் ஒன்றைக் கட்டி, பெரிய எஞ்சினையும் பொருத்திவிடுவது. வேறு பட்டறைக்காரர் ஒருவர் இதைச் சொன்னார். 'பழைய நம்பர் உள்ள துண்டை வெட்டிப் புதிதில் ஒட்டிவிட்டால் யாருக்குத் தெரியும்?' என்றும் சேர்த்துச் சொன்னார்.

தாத்தா தலையசைத்து மறுத்தார். அடிச்சட்டத்தில் பொறித்த எண்தான் ஒரு வண்டியின் அடையாளம். பதிவுப் புத்தகத்தில் எழுதியிருப்பது அந்த எண்ணே. அதை ஓரிடத்திலிருந்து வெட்டி வேறிடத்தில் ஒட்டுவது சட்டப்படி குற்றம். திருட்டு வண்டிகளை மறைப்பவர் செய்யும் வேலை அது. மேலும், பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கும் தயாரிப்பாளர் தந்த அமைப்புக்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்கிறது. உச்சநீதிமன்றமும் 2019-இல் இதை உறுதிப்படுத்தியது. 2021 ஜூலையில் வந்த விதிகளின்படி, 50 ஆண்டுக்கு மேற்பட்ட வண்டியைப் பாரம்பரிய வண்டியாகப் பதிவு செய்ய வேண்டுமானால், அது மூல வடிவிலேயே இருக்க வேண்டும். அடிச்சட்டம், உடல், எஞ்சின் ஆகியவற்றில் மாறுதல் செய்திருக்கக் கூடாது. வெளிநாடுகளில் ஹெரால்டு அடிச்சட்டத்தின்மேல் புதுப்புது உடல்களைப் பொருத்தி விதவிதமான கார்கள் செய்தார்கள். அந்நிறுவனமே அதே அடிச்சட்டத்தைக் குறுக்கி 1962-இல் 'ஸ்பிட்ஃபயர்' என்ற பந்தய அழகுள்ள காரைச் செய்தது. ஆனால் நம் சாலைக்கு நம் சட்டம்.

மூன்றாவது வழி மிஞ்சியது. திடமாக உள்ள நடு முதுகெலும்பை எண்ணோடு அப்படியே வைத்துக்கொண்டு, அரித்த விலா எலும்புகளையும் ஓரச் சட்டங்களையும் பழைய அளவிலேயே புதிதாகச் செய்து பொருத்துவது. இது கடினமானது, நேரம் பிடிப்பது. ஆனாலும் தாத்தா இதைத்தான் தேர்ந்தெடுத்தார். வேலை தொடங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற்குச் சென்று, செய்யப்போவதை எழுதிக் கொடுத்து விவரம் கேட்டுக்கொண்டார். செய்துவிட்டுக் கேட்பதைவிடக் கேட்டுவிட்டுச் செய்வது நல்லது என்பது அவர் கொள்கை.

அளவே உயிர்

தாத்தா பாதுகாத்து வைத்திருந்த பழைய பட்டறைக் கையேட்டில் அடிச்சட்டத்தின் அளவுப்படம் இருந்தது. அதைக்கொண்டு தரையில் இரண்டு கனமான ஐ-பீம்களைப் போட்டு, கொத்தனார்கள் பயன்படுத்தும் நீர்க் குழாயால் மட்டம் பார்த்து, அதன்மேல் அடிச்சட்டத்தை அசையாமல் போல்ட்டால் முடுக்கினார்கள். இந்தத் தாங்கு அமைப்பை 'ஜிக்' என்பார்கள். இது இல்லாமல் வெறும் தரையில் வைத்துப் பற்றவைத்தால் சட்டம் தன் விருப்பம்போல் கோணிக்கொள்ளும். ஒரே நேரத்தில் இருபுறமும் வெட்டவில்லை. வலப்பக்கம் முடியும்வரை இடப்பக்கத்தைத் தொடவில்லை. பழையது புதியதற்கு வழிகாட்டியாக நிற்க வேண்டும் அல்லவா?

சதுரம் பார்ப்பதற்கு நம் வடிவக் கணிதமே கருவியாயிற்று. செவ்வகத்தின் மூலைவிட்டங்கள் இரண்டும் சமம் என்று ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறோம். 2 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் உள்ள சட்டத்தில் ஒரு பக்கம் 1 செ.மீ. மட்டும் முன்னே தள்ளிவிட்டால், நீளமும் அகலமும் கண்ணுக்குச் சரியாகவே தோன்றும். மூலைவிட்டங்களை அளந்தால் சுமார் 18 மி.மீ. வித்தியாசம் காட்டும். சிறு பிழையைப் பெரிதாக்கிக் காட்டும் பூதக்கண்ணாடி மூலைவிட்டம்!

அந்த அளவு எடுக்கும் வேலை என்னிடம் கொடுக்கப்பட்டது. டேப்பின் ஒரு முனையைத் தாத்தா பிடிப்பார். நான் மறுமுனையைப் படித்து நோட்டில் எழுதுவேன். முதல் இரண்டு குறுக்குக் கைகளைப் பொருத்திய மறுநாள் காலை அளந்தபோது ஒரு மூலைவிட்டம் மற்றதைவிட 7 மி.மீ. கூடுதலாக இருந்தது. நான் தவறாகப் படித்தேனோ என்று மூன்று முறை அளந்தேன். ஒவ்வொரு முறையும் 7 மி.மீ. சொல்லத் தயக்கமாக இருந்தது. பெரியவர்கள் செய்த வேலை, நானோ சிறுமி. இருந்தாலும் நோட்டை நீட்டினேன்.

மேஸ்திரி தாமே அளந்து பார்த்தார். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "பாப்பா சொல்லுதது சரிதான் சார். வெட்டித்தான் ஆகணும்" என்றார். முந்தைய நாள் மாலை, மழை இருட்டிக்கொண்டு வந்ததால், உதவியாளர் ஒரு பக்கத்தை இடைவிடாமல் ஒரே மூச்சில் பற்றவைத்து முடித்திருந்தார். காரணம் எளியது. இரும்பு 1 மீட்டர் நீளத்திற்கு 100 டிகிரி சூடேறினால் 1.2 மி.மீ. நீளும். உருகிய இடமோ ஆறும்போது சுருங்கித் தன் பக்கமாகச் சட்டத்தை இழுக்கும். ஒரே பக்கத்தில் தொடர்ந்து சூடு கொடுத்தால் முழுச் சட்டமும் அப்பக்கம் வளையும். ஆகவே முதலில் ஆங்காங்கே புள்ளி வைப்பது போல் 'டேக்' வைத்து, அளந்து, பின்பு இப்பக்கம் ஒரு விரல் நீளம், எதிர்ப்பக்கம் ஒரு விரல் நீளம் என்று மாற்றி மாற்றி, இடையே ஆறவிட்டுப் பற்றவைக்க வேண்டும்.

ஒரு நாள் வேலை வீணாயிற்று. வெட்டி எடுத்து மீண்டும் செய்தார்கள். இம்முறை வித்தியாசம் 1 மி.மீ. அந்த 7 மி.மீ. அப்படியே நின்றிருந்தால் என்ன ஆகும் என்று தாத்தாவிடம் கேட்டேன். 'கதவு சரியாக மூடாது. அதைவிட, அடுத்து வைக்கும் ஒவ்வொரு துண்டும் அந்தத் தப்பை நம்பியே உட்காரும். பின்னால் திருத்தப் போனால் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும்' என்றார்.

எல்லாம் முடிந்தபின் உள்ளும் புறமும் துரு நீக்கி, ரெட் ஆக்ஸைடு பூசி, கறுப்பு பெயின்ட் அடித்தார்கள். பெட்டிச் சட்டங்களுக்குள் துரு தடுக்கும் மெழுகுக் கலவையைப் பீய்ச்சினார்கள். நீர் வடியும் துளைகள் திறந்திருக்கின்றனவா என்று ஒவ்வொன்றிலும் கம்பி விட்டுப் பார்த்தது நான்தான். உடலை மீண்டும் இறக்கி வைத்த அன்று, கதவை மெதுவாகத் தள்ளினேன். 'டக்' என்று ஒரே ஒலியில் மூடிக்கொண்டது. தாத்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

நமக்கு என்ன?

'பட்டறையில் பெண்பிள்ளைக்கு என்ன வேலை?' என்று கேட்டவர்களும் உண்டு. அவர்களுக்கு நான் பெர்த்தா பென்ஸ் அம்மையாரின் கதையைச் சொல்வேன். 1888 ஆகஸ்டில், கணவர் கண்டுபிடித்த மோட்டார் வண்டியை யாரும் நம்பாத நாளில், இரு மகன்களோடு மன்ஹைமிலிருந்து பிஃபோர்ட்ஸ்ஹைம் நகருக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் அதை ஓட்டிச் சென்றவர் அவர். அடைத்துக்கொண்ட எரிபொருள் குழாயைத் தம் தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். தேய்ந்த பிரேக் கட்டைக்கு வழியில் ஒரு செருப்புத் தொழிலாளியிடம் தோல் தைத்துக்கொண்டார். உலகின் முதல் நெடுந்தூர மோட்டார்ப் பயணமே ஒரு பெண்ணின் கைவேலையால் முடிந்தது. இன்று ஐ.டி.ஐ.களிலும் பாலிடெக்னிக்குகளிலும் வெல்டிங்கும் மோட்டார் மெக்கானிக் பாடமும் நமக்காகவும் திறந்தே இருக்கின்றன. தேவையானவை பொறுமையும், அளவில் நேர்மையும், தவறைக் கண்டால் சொல்லும் துணிவுமே.

தாத்தாவின் ஹெரால்டு இப்போது ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மட்டும் கொட்டகையை விட்டு வெளியே வருகிறது. தெருவில் நிற்பவர்கள் அதன் வண்ணத்தையும் வளைந்த முகப்பையும் பார்த்து வியக்கிறார்கள். அடியில் இருக்கும் கறுப்புச் சட்டத்தை யாரும் பார்ப்பதில்லை. நான் மட்டும் ஏறி உட்காருமுன் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொள்கிறேன்.

— பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, அறிவியல் பிரிவு